பள்ளி நூலகப் புத்தகத்தின் மேல் புகார் வந்தால்: கடலூர், புதுச்சேரிப் பள்ளிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் தலைமையாசிரியர் அறையிலிருந்து ஆள் வந்தது. போனேன். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனுடைய அப்பா உட்கார்ந்திருந்தார். எங்கள் நூலகத்துச் சிறுகதைத் தொகுப்பில் ஒரு பக்கத்தைச் செல்போனில் படம் பிடித்து வைத்திருந்தார். அதில் இரண்டு வரி அவருக்குப் பிடிக்கவில்லை. சத்தம் போடவில்லை, மரியாதையாகத்தான் பேசினார். அவர் போனதும் தலைமையாசிரியர் சொன்னார்: "டீச்சர், அந்தப் புத்தகத்தைக் கொஞ்ச நாளைக்கு உள்ள வைங்க."

வைத்தேன். அவருடைய பீரோவின் கீழ்த்தட்டில். கொஞ்ச நாள் என்பது நாலு வருடம் ஆனது. அதற்குள் தலைமையாசிரியர் மாறிவிட்டார். பிறகு புயல் மழையில் நனைந்துபோன புத்தகங்களைப் பட்டியல் எடுத்தபோது, ஒரு துளி ஈரம் படாத அந்தத் தொகுப்பும் 'சேதமடைந்தவை' என்ற தலைப்பின்கீழ் போய்ச் சேர்ந்தது. அதை எடுத்தது யார், எதற்காக, எந்தத் தேதியில்? ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. நூலகப் பொறுப்பில் இருந்த என்னாலேயே பதில் சொல்ல முடியாது.

நம் பள்ளிகளில் புத்தகம் இப்படித்தான் காணாமல் போகிறது. அரசாணையும் வராது, நீதிமன்றமும் வராது. ஒரு போன், ஒரு 'உள்ள வைங்க', அவ்வளவுதான். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வரும். எடுக்கச் சொல்கிறவர் காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். எடுக்கிறவரும் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். எழுத்தில் வராத எதற்காகவும் புத்தகம் தட்டைவிட்டு நகரக் கூடாது.

முதலில்: தடை என்று எதைச் சொல்கிறோம்?

யாராவது வந்து "இது தடை செய்யப்பட்ட புத்தகம்" என்றால் பதறாதீர்கள். சட்டப்படி ஒரு புத்தகத்தைப் பறிமுதல் செய்யும் வழி ஒன்று இருக்கிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 95ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 98ஆம் பிரிவு. மாநில அரசு அறிவிக்கை வெளியிட வேண்டும். அதில் தன் கருத்துக்கான காரணங்களைச் சொல்ல வேண்டும். அதை எதிர்த்து இரண்டு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம், அங்கே மூன்று நீதிபதிகள் கொண்ட சிறப்பு அமர்வு விசாரிக்க வேண்டும். 2025 ஆகஸ்ட்டில் ஜம்மு காஷ்மீரில் 25 புத்தகங்கள் பறிமுதல் செய்யப்பட்டது இந்தப் பிரிவின்கீழ்தான். அது சரியா தவறா என்பது வேறு விவாதம். அங்கே ஒரு உத்தரவு இருந்தது, அதனால் அதை எதிர்த்து வழக்குப் போட முடிந்தது என்பதை மட்டும் கவனியுங்கள்.

காரணம் எழுத வேண்டும் என்பது வெறும் சம்பிரதாயம் இல்லை. பெரியாரின் ராமாயண ஆய்வு நூலை உத்தரப் பிரதேச அரசு 1969இல் பறிமுதல் செய்தது. அலகாபாத் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது, 1976இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. காரணங்களை உத்தரவில் சொல்லாமல் விட்டதுதான் அரசு தோற்ற இடம். ஒரு மாநில அரசே காரணம் எழுதாமல் எடுக்க முடியாதபோது, ஒரு போன் காலுக்காக நாம் ஏன் எடுக்க வேண்டும்?

ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி: "அறிவிக்கை நகல் இருக்கிறதா?" இருந்தால் அதன்படி நடங்கள். இல்லை என்றால் உங்கள் முன்னால் இருப்பது ஒருவரின் ஆட்சேபம். அதற்குரிய மரியாதையோடு அதை விசாரிக்க வேண்டும், அதற்கு மேல் எதுவும் அவசியமில்லை.

படி 1: புகார் வருவதற்கு முன்பே கணக்கை நேராக வையுங்கள்

புகார் வந்த பிறகு பதிவேடு தேடினால் நம் பேச்சு எடுபடாது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் இருப்புப் பதிவேட்டில் எண், வந்த தேதி, எந்த நிதியில் வந்தது என்பது இருக்க வேண்டும். சமக்ர சிக்ஷா நூலக மானியத்தில் வாங்கியதா, பெற்றோர் ஆசிரியர் கழகம் கொடுத்ததா, நெய்வேலிப் புத்தகக் கண்காட்சியில் ஒரு முன்னாள் மாணவர் வாங்கித் தந்ததா, எதுவானாலும் எழுதுங்கள். துறையிலிருந்தே வந்த புத்தகம் என்றால் அதையும் குறித்து வையுங்கள். "இதை யார் வாங்கினது?" என்று குரல் உயரும்போது அந்த ஒரு வரிதான் பொறுப்பாசிரியரைக் காப்பாற்றும்.

அப்புறம், புத்தகம் தேர்வு செய்யும் விதத்தை ஒரு பக்கத்தில் எழுதி, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்துப் பதிவு செய்யுங்கள். இதற்கு நல்ல பிடிமானம் ஒன்று உண்டு. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும், அதில் செய்தித்தாள், இதழ்கள், எல்லாப் பாடங்களிலும் புத்தகங்கள், கதைப் புத்தகங்கள் உட்பட இருக்க வேண்டும் என்கிறது. அது தொடக்க, நடுநிலை வகுப்புகளுக்கான சட்டம்தான். ஆனாலும் கதைப் புத்தகம் என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது என்பதை நம்மில் நிறைய பேர் கவனித்ததில்லை. "பாடத்துக்கு உதவாத கதை எதுக்கு?" என்று கேட்பவரிடம் இதை எடுத்துக் காட்டலாம்.

படி 2: வந்தவரை உட்கார வையுங்கள்

இந்தப் படியை நான் சரியாகச் செய்ததில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புகாரோடு வரும் பெற்றோர் பெரும்பாலும் பயத்தோடு வருகிறார்கள். பிள்ளை கையில் இருந்த புத்தகத்தில் ஒரு கெட்ட வார்த்தையையோ, உடலைப் பற்றிய ஒரு வரியையோ, சாமியைக் கேள்வி கேட்கும் ஒரு பாத்திரத்தையோ பார்த்திருப்பார்கள். "நீங்க படிச்சீங்களா? முழுசாப் படிக்காம எப்படிப் பேசறீங்க?" என்று நாம் ஆரம்பித்தால் அங்கேயே சண்டை. அவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, எந்தப் பக்கம், எது சங்கடப்படுத்தியது என்று சொல்ல விடுங்கள். குறுக்கே பேசாதீர்கள். உடனே ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். "நான் எடுத்துடறேன், நீங்க கவலைப்படாதீங்க" என்ற வாக்கியம் உங்கள் வாயில் வரவே கூடாது.

கேட்ட பிறகு ஒன்றை மட்டும் தெளிவுபடுத்துங்கள். அவருக்கு வேண்டியது தன் பிள்ளைக்கு அந்தப் புத்தகம் தரக் கூடாது என்பதா, எந்தப் பிள்ளைக்குமே தரக் கூடாது என்பதா? என் அனுபவத்தில் பாதிப் பேர் முதலாவதோடு சமாதானம் ஆகிவிடுவார்கள். அது அவருடைய உரிமை. வழங்கு பதிவேட்டில் அந்த மாணவனின் பெயருக்கு நேரே சின்னதாகக் குறித்துக்கொண்டால் போதும். ஆனால் இதை வகுப்பில் சொல்லி அந்தப் பிள்ளையைக் கூனிக் குறுக வைக்காதீர்கள். தன் அப்பா பள்ளிக்கு வந்து போனதே அவனுக்குப் பெரிய பாரமாக இருக்கும்.

இன்னொருவர் பிள்ளை எதைப் படிக்கலாம் என்று அவர் முடிவு செய்ய விரும்பினால், அடுத்த படி.

படி 3: எழுதி வாங்குங்கள்

ஒரு பக்கப் படிவம் தயாராக இருக்கட்டும். அமெரிக்கப் பள்ளி நூலகர்கள் நெடுங்காலமாக இப்படி ஒரு மறுபரிசீலனைப் படிவம் வைத்திருக்கிறார்கள். அங்கேயும் நிலைமை ஒன்றும் சுகமில்லை. 2023-24 கல்வியாண்டில் மட்டும் பள்ளிகளில் புத்தகம் நீக்கப்பட்ட நிகழ்வுகள் 10,000க்கு மேல் என்று பென் அமெரிக்கா என்ற எழுத்தாளர் அமைப்பு கணக்கிட்டது. இருந்தாலும் அந்தப் படிவம் நல்ல கருவி. நம் ஊருக்கு ஏற்றபடி கேள்விகளை நான் இப்படி மாற்றி வைத்திருக்கிறேன்:

- புத்தகத்தின் பெயர், ஆசிரியர், பதிவேட்டு எண்.
- முழுவதும் படித்தீர்களா, ஒரு பகுதி மட்டுமா, வேறு யாராவது காட்டினார்களா?
- எந்தப் பக்கம், எந்த வரி? அதில் என்ன தவறு என்று நினைக்கிறீர்கள்?
- எந்த வயதுப் பிள்ளைகள் இதைப் படிக்கலாம் என்பது உங்கள் கருத்து?
- பள்ளி என்ன செய்ய வேண்டும்?
- இதே விஷயத்தைப் பற்றி வேறு நல்ல புத்தகம் தெரிந்தால் சொல்லுங்கள்.

பெயர், முகவரி, கையெழுத்து, தேதி கட்டாயம். மொட்டைக் கடிதத்தைக் கோப்பில் வைக்கலாம், அதன் பேரில் நடவடிக்கை எடுக்கக் கூடாது. மனு வாங்கியதும் ஒப்புகை கொடுங்கள்.

தேவனாம்பட்டினம் பக்கத்துப் பள்ளியானாலும் சரி, பண்ருட்டிப் பக்கத்துக் கிராமத்துப் பள்ளியானாலும் சரி, எழுத வராத பெற்றோர் இருப்பார்கள். படிவம் அவர்களை விரட்டும் ஆயுதமாக ஆகிவிடக் கூடாது. புகாரில் சம்பந்தப்படாத வேறொரு ஆசிரியர் அவர் சொல்வதை அப்படியே எழுதி, உரக்கப் படித்துக் காட்டி, கையெழுத்தோ கைரேகையோ வாங்கட்டும்.

படி 4: முடிவு வரும்வரை புத்தகம் தட்டிலேயே இருக்கட்டும்

இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். விசாரணை முடியும்வரை எடுத்து வைப்பது நடுநிலை போலத் தோன்றும். உண்மையில் புகார் கொடுத்தவர் கேட்டது அன்றைக்கே கிடைத்துவிடுகிறது, அதற்குப் பிறகு யாருக்கும் அவசரம் இருக்காது. என் நாலு வருடக் கதை அதுதான். குழுவினர் படிக்கப் பிரதி வேண்டுமென்றால் கடலூர் மாவட்ட மைய நூலகத்திலோ கிளை நூலகத்திலோ தேடுங்கள். புதுச்சேரிக்காரர்களுக்கு 1827 முதல் இயங்கும் ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது. கிடைக்காவிட்டால் ஒரு பிரதி வாங்கிவிடுங்கள், பள்ளியின் ஒரே பிரதியைக் குழுவுக்குள் சுற்ற விடாதீர்கள்.

படி 5: படிக்கிற குழு

ஐந்து பேர் போதும். நூலகப் பொறுப்பாசிரியர், ஒரு தமிழாசிரியர், அந்த வயது மாணவர்களின் வகுப்பாசிரியர், மேலாண்மைக் குழுவிலிருந்து இரண்டு பெற்றோர். கல்வி உரிமைச் சட்டப்படி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அதனால் இரண்டு பெற்றோரில் ஒருவர் தாயாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது கஷ்டமில்லை. அருகில் உள்ள பொது நூலகத்தின் நூலகரை அழைத்தால் இன்னும் நல்லது. மேலாண்மைக் குழுவுக்கு அந்தச் சட்டம் பெயர் சொல்லிக் கொடுத்த வேலைகள் பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, மானியச் செலவைக் கவனிப்பது ஆகியவை. ஒரு புத்தகத்தை நீக்கத் தனி அதிகாரம் எதுவும் அதில் எழுதப்படவில்லை. குழுத் தலைவர் தனியாக வந்து "எடுங்க" என்றால் எடுக்க வேண்டியதில்லை.

எல்லோரும் முழுப் புத்தகத்தையும் படிக்க வேண்டும். ஒரு வரியைப் பிடுங்கி வைத்துப் பார்த்தால் நம் பழைய இலக்கியத்திலேயே பாதி மிஞ்சாது. ஆபாசம் பற்றிய சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2014இல் அவீக் சர்க்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம், படைப்பை அதன் முழுச் சூழலில், இன்றைய சமூகத்தின் அளவுகோலில் பார்க்க வேண்டும் என்றது. இலக்கியம், கலை, அறிவியல், கல்வி ஆகியவற்றின் நலனுக்காகப் பொது நன்மை கருதி வெளியானவற்றுக்கு, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் ஆபாசப் பிரிவிலேயே விலக்கு இருக்கிறது.

குழு பேசும்போது மூன்று விஷயங்கள் குழம்பிப் போகும். அவற்றைப் பிரித்துவிடுங்கள்.

முதலாவது, வயது. இது நியாயமான கேள்வி. பன்னிரண்டாம் வகுப்புக்கு ஏற்றது ஆறாம் வகுப்புக்குச் சுமையாக இருக்கலாம். தட்டு மாற்றினால் தீரும்.

இரண்டாவது, கருத்து. சாமி, கட்சி, தலைவர், சாதிப் பெருமை பற்றிய கருத்து பிடிக்கவில்லை என்பது புகாரின் சாரமானால், நீக்கக் காரணம் ஆகாது. 1982இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில், நியூயார்க் மாநிலத்துப் பள்ளி மாணவர்கள் தங்கள் பள்ளி வாரியத்தை எதிர்த்துப் போட்ட வழக்கில் இதே பிரச்சினைதான் வந்தது. கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் பள்ளி நூலகத்திலிருந்து நூல்களை எடுக்க முடியாது என்ற நிலைப்பாட்டை முதன்மைக் கருத்தை எழுதிய நீதிபதிகள் எடுத்தார்கள். நம் சட்டம் வேறு, ஆனால் அளவுகோல் உதவும்.

மூன்றாவது, இழிவு. இதில்தான் நிதானம் வேண்டும். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளை ஒருத்தி, தன் மக்களை இழிவாகச் சொல்லும் சொல்லைப் பள்ளிப் புத்தகத்தில் பார்த்து மனம் நொந்தால், அதையும் ஆதிக்கச் சாதிக்காரரின் 'எங்க பெருமை கெட்டுப்போச்சு' என்ற புகாரையும் ஒரே தராசில் வைக்க முடியாது. திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' 2014இல் சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கப்பட்டது இப்படிப்பட்ட ஆட்சேபத்தால்தான். பாடமாக வைப்பதும் நூலகத்தில் வைப்பதும் வேறு வேறு. பாடத்தை எல்லோரும் படித்தே ஆக வேண்டும். நூலகப் புத்தகத்தை விரும்பினால் எடுக்கலாம், பிடிக்காவிட்டால் மூடிவிடலாம். ஒரு கதை பாடத்துக்குப் பொருந்தாமல் போகலாம், ஆனாலும் அது நூலகத்தில் இருக்க வேண்டும் என்பதே என் கருத்து. அந்தப் பிள்ளையின் வலியைக் கேட்டு, அதே வாழ்க்கையை அந்த மக்களே எழுதிய புத்தகங்களை அதன் பக்கத்தில் வாங்கி வைப்பது பள்ளியின் கடமை.

இந்த ஊர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். புகார் வந்ததெல்லாம் போக வேண்டும் என்று முடிவு செய்தால், கடலூரின் சொந்தத் தட்டுதான் முதலில் காலியாகும். வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்ற சண்டை 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தனின் ஒரு சிறுகதைக்கு 1966இல் எழுந்த கூச்சல் பத்திரிகை வாசகர்கள் அறிந்ததே. பாரதியின் 'இந்தியா' வார இதழ் 1908 முதல் புதுச்சேரியிலிருந்து வந்தது, 1910இல் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அது நுழையாமல் தடுக்கப்பட்டது. 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டியதும் அவரைப் பிடித்துக் கடலூர்ச் சிறையில் வைத்தார்கள். அவர் இறந்து ஏழு வருடம் கழித்து, 1928இல், அவருடைய பாட்டுப் புத்தகங்களைச் சென்னை மாகாண அரசு பறிமுதல் செய்தது. சட்டசபையில் சத்தியமூர்த்தி அதை எதிர்த்துப் பேசினார். அந்தப் பாட்டுகளைத்தான் இன்று ஆண்டு விழாவில் நம் பிள்ளைகள் பாடுகிறார்கள். ஒப்பித்தல் போட்டிக்குத் தேர்ந்தெடுப்பதும் அவற்றைத்தான்.

படி 6: முடிவை எழுதுங்கள்

முப்பது நாளுக்குள் முடியுங்கள். முடிவு நாலில் ஒன்றாக இருக்கும். அப்படியே இருக்கட்டும், மேல் வகுப்புத் தட்டுக்கு மாற்றலாம், அந்தப் பெற்றோரின் பிள்ளைக்கு மட்டும் வேண்டாம், நீக்கலாம். நாலாவது என்றால் காரணம் இரட்டிப்பாக எழுதப்பட வேண்டும். குழுவில் ஒருவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் அவருடைய கருத்தும் பதிவாகட்டும். மனுதாரருக்கு நகல் கொடுங்கள். ஒரே புத்தகத்தின் மேல் அதே காரணத்துக்கு மூன்று வருடம் மறுபடி விசாரணை இல்லை என்பதையும் தேர்வு விதியிலேயே சேர்த்துவிடுங்கள்.

கிழிந்த, கரையான் அரித்த, தகவல் பழசான புத்தகங்களைக் கழிப்பது வேறு வேலை. அதற்குத் தனிப் பட்டியல், தனித் தேதி. புகாருக்கு உள்ளான புத்தகம் எதையும் அந்தப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. தானே புயல் போல ஒன்று அடித்து ஓய்ந்த பிறகு பட்டியல் போடும்போது இதை இரண்டு தடவை பாருங்கள்.

படி 7: மிரட்டல் வந்தால்

பெற்றோராக இல்லாதவர்கள் கூட்டமாக வந்தால், அல்லது "நாளைக்குப் பள்ளி முன்னால உட்காருவோம்" என்று போன் வந்தால், பதில் ஒன்றுதான்: "மனுவா எழுதிக் கொடுங்க சார், குழுவில வைக்கிறோம்." அன்றைக்கே நடந்ததை எழுதி முதன்மைக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். போலீஸ் வந்து புத்தகம் கேட்டால் அறிவிக்கை அல்லது எழுத்து உத்தரவு கேளுங்கள், எடுத்துச் சென்றால் ஒப்புகை வாங்குங்கள். ஒரு பக்கப் படம் வாட்ஸ்அப்பில் ஓடினால் ஆசிரியர்கள் தனித்தனியாகப் பதில் போட வேண்டாம். தலைமையாசிரியர் கையெழுத்தோடு நாலு வரி விளக்கம் போதும்.

இரண்டு தீர்ப்புகளை நினைவில் வையுங்கள். 1989இல் எஸ். ரங்கராஜன் வழக்கில், ஆர்ப்பாட்டம் நடக்கும் என்ற மிரட்டலுக்காகக் கருத்துச் சுதந்திரத்தை ஒடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் விவகாரத்தில், 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் எழுதி வாங்கப்பட்ட சமாதானம் அவரைக் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஜூலை 5 அன்று தீர்ப்பளித்தது. படித்தே ஆக வேண்டும் என்று யாரும் வற்புறுத்தவில்லை என்பதையும் அந்தத் தீர்ப்பு எடுத்துச் சொன்னது. புதுச்சேரிக்கும் உயர் நீதிமன்றம் அதுதான் என்பதால் இரண்டு ஊருக்கும் இது பொருந்தும்.

படி 8: புத்தகம் ஏற்கெனவே போய்விட்டிருந்தால்

இது பெற்றோருக்கும் முன்னாள் மாணவர்களுக்கும். முதலில் தலைமையாசிரியரிடம் மரியாதையாகக் கேளுங்கள், பாதி நேரம் புத்தகம் பீரோவிலேயே இருக்கும். பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனு. "ஏன் எடுத்தீர்கள்?" என்று கேட்டால் பதில் நழுவும். ஆவணமாகக் கேளுங்கள்: இன்ன எண்ணுள்ள புத்தகம் தொடர்பான இருப்புப் பதிவேட்டுப் பக்கத்தின் நகல், அதை நீக்கிய உத்தரவின் நகல், கழிவுப் பட்டியலின் நகல். முப்பது நாளில் பதில் வர வேண்டும். உத்தரவு எதுவும் இல்லை என்ற பதில் வந்தால் அதுவே உங்களுக்குப் போதுமான ஆவணம். அதை வைத்து மேலே முறையிடலாம். கடலூரில் மாவட்டக் கல்வி அலுவலர், பிறகு முதன்மைக் கல்வி அலுவலர். புதுச்சேரியில் அது பள்ளிக் கல்வி இயக்ககத்தின்கீழ் வரும். அங்கே அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன, ஆனால் நூலகப் புத்தகத்துக்கும் பாடத்திட்டத்துக்கும் முடிச்சுப் போட யாரையும் விடாதீர்கள்.

கடைசியாக, பூட்டு

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. யாரும் புகார் கொடுக்காமலேயே நூற்றுக்கணக்கான புத்தகங்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்காமல் இருக்கின்றன, பீரோ பூட்டியிருப்பதால். "தொலைந்தால் நான்தானே கட்டணும்" என்று பயப்படும் பொறுப்பாசிரியரை நான் குறை சொல்ல மாட்டேன், நானும் பயந்திருக்கிறேன். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் முதலாவதே புத்தகங்கள் பயன்பாட்டுக்கு என்பதுதான். அதனால் இதைச் செய்யுங்கள். வருடத்துக்கு எத்தனை புத்தகம் தொலையலாம் என்று ஒரு எண்ணை மேலாண்மைக் குழுத் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள், அதற்குட்பட்ட இழப்புக்கு ஆசிரியர் கையிலிருந்து பணம் கேட்பதில்லை என்றும் எழுதுங்கள். சாவி ஒன்று உங்களிடம், இன்னொன்று எட்டாம் வகுப்பு மாணவிகள் இரண்டு பேரிடம். சாப்பாட்டு நேரம் முழுக்க பீரோ திறந்திருக்கட்டும். வழங்கு பதிவேட்டை அவர்களே எழுதட்டும்.